ஒரே காம்பராவில் ஆறு பேர்: அம்மா எங்கே உட்கார்ந்து தியானம் செய்வது?

மலையகத்தின் லிந்துலைப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது, கொழுந்து பறிக்கிறார். இரண்டு வருடமாகப் பிரஷருக்கு மாத்திரை. இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கதவு தட்டும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறார். போன மாதம் கிளினிக்கில் டொக்டர், "யோசிக்காதீங்க, தியானம் செய்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு காம்பராவில் (அறையில்) ஆறு பேர் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அதை எப்படிச் செய்வது? உண்மையாகவே பலன் உண்டா? பலன் இருந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் புத்த தியானம் செய்யலாமா?

மகள், மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக் கூடாது. ஒரு நாள் கூட.

இதை நான் சும்மா கண்டிப்புக்காகச் சொல்லவில்லை. என் அப்பா கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு டவுனில் நடந்த ஒரு தியான வகுப்புக்குப் போய் வந்தார். மனசு லேசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார், எங்களுக்கும் சந்தோஷம். வகுப்பு நடத்தியவர், "இனி உங்களுக்கு மாத்திரை தேவையில்லை, அது உடம்புக்கு விஷம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். நாலு மாதத்தில் பாரிசவாதம். வலது கையும் பேச்சும் போயின. அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார், என் பெயரை ஒரு தடவை கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. அப்போது நான் நர்ஸாக வேலை செய்துகொண்டிருந்தேன். என் வீட்டிலேயே நடந்தது எனக்குத் தெரியாமல் போனது.

அதனால் தியானம் என்ற சொல்லைக் கேட்டாலே பல காலம் எனக்கு ஆத்திரம் வரும். இன்று நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டுக்கும் இடையில் நான் படித்ததையும் பார்த்ததையும் உங்கள் அம்மாவுக்கு உதவும் அளவுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், அம்மாவின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மலையில் குளவிக் கூடு கலைந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அம்மா கட்டாயம் பார்த்திருப்பார். ஒருத்தி "குளவி!" என்று கத்தியதும் அடுத்த கணமே கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கட்டளை போகிறது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, பிரஷர் கூடுகிறது, வயிறு தன் வேலையை நிறுத்தி வைக்கிறது, இரத்தம் கை கால் தசைக்கு ஓடுகிறது. சில நிமிடங்களில் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்து, ஓடுவதற்குத் தெம்பு வேண்டும் என்று இரத்தத்தில் சீனியை ஏற்றுகிறது. உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. குளவி போன பிறகு, மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பக்கத்தில் இருக்கிறவளோடு நாலு வார்த்தை பேசியதும் எல்லாம் மெல்ல இறங்கிவிடும்.

பிரச்சினை என்னவென்றால், இந்த உடம்புக்குக் குளவிக்கும் கிழமைக் கடனுக்கும் வித்தியாசம் தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்து நிற்கும்போது, இன்றைக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுவிடுவார்களோ என்று மனசு பதறும்போது, அதே அட்ரினலின்தான் சுரக்கிறது. குழுக் கடன் வசூலிக்க வருகிறவர் லயத்துப் பாதையில் ஏறி வரும்போதும் அதேதான். மகன் கொழும்புக் கடையிலிருந்து மூன்று நாளாகப் பேசவில்லை என்றாலும் அதேதான். ஆனால் இவற்றிலிருந்து ஓட இடமில்லை, மரத்தடியில் உட்கார்ந்து முடிகிற விஷயமும் இல்லை. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது வருகிறது. "ஆபத்து முடிந்தது" என்ற செய்தி உடம்புக்குக் கிடைப்பதே இல்லை.

1936 இல் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, எந்த விதமான தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் எதிர்வினை காட்டுகிறது என்பதை எலிகளில் கவனித்து எழுதினார். பின்னாளில் புரூஸ் மக்யூவன், இந்த ஏற்பாடு நிறுத்தமே இல்லாமல் ஓடினால் உடம்புக்கு உண்டாகும் தேய்மானத்தை ஆராய்ந்தார். பிரஷர் இறங்காமல் நிற்பது, சீனி கூடுவது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது, தூக்கம் கலைவது, அடிக்கடி தடிமன் காய்ச்சல் பிடிப்பது, மறதி எல்லாம் அந்தத் தேய்மானத்தின் கணக்கில் வரும். உங்கள் அம்மா கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது பயந்த சுபாவத்தால் இல்லை. அவருடைய உடம்பு இன்னும் குளவியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். படபடப்பும் தூக்கமின்மையும் எல்லாமே மனசால் வருவதில்லை. தோட்டத்துப் பெண்களில் இரத்தச்சோகை மிக அதிகம், இரத்தம் குறைந்தால் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். தைரோயிட் கூடினாலும் படபடப்பு வரும், கை நடுங்கும். 52 வயது என்றால் மாதவிடாய் நிற்கும் காலமாகவும் இருக்கலாம். இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து எழும்புகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், வெற்றிலையோடு பொயிலை போடுகிறாரா? பொயிலையில் இருக்கும் நிகோட்டின் நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். இரவு எட்டு மணிக்குக் கடுஞ்சாயத் தண்ணி குடிக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். அடுத்த கிளினிக்கில் ஹீமோகுளோபினும் தைரோயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இதையெல்லாம் பார்க்காமல் தியானம் செய்யச் சொல்வது பாதி வைத்தியம்.

சரி, தியானத்துக்கு வருவோம். டொக்டர் "யோசிக்காதீங்க" என்றாரே, அதை எங்கள் கிளினிக்கிலும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் யாராலும் செய்ய முடியாத காரியம் அது. 1987 இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்காதே என்று கட்டளை போட்டால் மனசு அதையே காவல் காக்கும். அம்மாவும், "யோசிக்கக் கூடாது" என்று படுத்து, அதற்காகவே விடியும்வரை யோசித்துக்கொண்டிருப்பார்.

தியானம் என்றால் மனசை வெறுமையாக்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி முயன்று, முடியாமல், "எனக்கு இது சரிவராது" என்று விட்டவர்கள் நிறையப் பேர். உண்மையில் அங்கே செய்கிற வேலை வேறு. மூச்சிலோ ஒரு நாமத்திலோ மனசை வைக்கிறோம். அது ஓடும். ஓடியது தெரிந்ததும் திருப்பிக் கொண்டுவருகிறோம். மறுபடி ஓடும், மறுபடி கொண்டுவருகிறோம். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாசலுக்கு ஓடும், அவர் அடிக்காமல் திட்டாமல் தூக்கிக்கொண்டு வருவார், அது மறுபடி ஓடும். பத்து நிமிடத்தில் முப்பது தடவை மனசு ஓடி முப்பது தடவை திரும்பியது என்றால் அன்றைக்கு முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. அது தோல்விக் கணக்கில்லை.

இதில் மூச்சுக்குத் தனி இடம் உண்டு. நெஞ்சுத் துடிப்பை, பிரஷரை, செரிமானத்தை நாம் நினைத்து மாற்ற முடியாது. அதே நரம்பு மண்டலத்தோடு பிணைந்திருந்தும், தானாகவும் நடந்து நாம் நினைத்தாலும் மாறுவது மூச்சு ஒன்றுதான். இதை நீங்களே இப்போது பார்க்கலாம். இடது கை மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், பிறகு இன்னும் மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தாமதிக்கும். இளம் வயதில் இது நன்றாகவே தெரியும். மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் என்ற நரம்பு, மூச்சு வெளியே போகும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வெளிமூச்சை நீட்டினால் கடிவாளம் நீண்ட நேரம் பிடிபடும். "ஆபத்து முடிந்தது" என்ற செய்தியை உடம்புக்கு நாமே அனுப்ப இருக்கிற வழி அது.

2001 இல் இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு முறை கத்தோலிக்கச் செபமாலையை லத்தீனில் சொல்ல வைத்தார்கள், இன்னொரு முறை "ஓம் மணி பத்மே" என்று தொடங்கும் மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சாதாரணமாக நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். அந்த ஆறில், பிரஷர் ஏறி இறங்குவதைக் கவனித்து இதயத்தைச் சரிசெய்கிற உடம்பின் உள் ஏற்பாடு கூர்மையாக வேலை செய்தது.

மாரியம்மன் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மூச்சுக்கு மதம் இல்லை. அம்மா "நமசிவாய" சொல்லட்டும், "ஓம் சக்தி" சொல்லட்டும். பக்கத்து வீட்டு அக்கா மாதாவிடம் செபமாலை சொல்லட்டும். ஒரு மூச்சுக்கு ஒரு தடவை, நிதானமாக, சொல்லும்போதே மூச்சு வெளியே போகும்படி சொன்னால் போதும். நம் ஆச்சிமார் விளக்கு வைத்து முணுமுணுத்ததில் இது இருந்தது, அவசரத்தில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

புத்த தியானத்தை அந்நியமாகப் பார்க்கவும் தேவையில்லை. இன்று அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிற விழிப்புநிலைத் தியானத்துக்கு நம் மலைநாட்டிலும் ஒரு வேர் உண்டு. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து 1936 இல் இலங்கைக்கு வந்து துறவியான ஞானபோனிக்க தேரர், கண்டி உடவத்தகலைக் காட்டுக்குள் இருந்த ஆசிரமத்தில் வாழ்ந்து 1994 இல் அங்கேயே காலமானார். இந்த முறையை மேற்கு நாட்டு வாசகர்களுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் அவர் முக்கியமானவர். கலஹாவுக்குப் பக்கத்தில் தேயிலை மலைக்கு மேலே நிலம்பே தியான நிலையம் இருக்கிறது. நான் முதன்முதலாக 1997 இல் அங்கே போனேன், ஆத்திரத்தோடுதான் போனேன். கூட வேலை செய்த ஒரு சிங்கள நர்ஸ் இழுத்துக்கொண்டு போனார். அப்போது அங்கே கோட்வின் சமரரத்ன கற்பித்துக்கொண்டிருந்தார், 2000 இல் அவர் காலமாகிவிட்டார். இரவில் மெழுகுதிரி வெளிச்சம். கீழே தெரிந்த லயத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அப்பாவை நினைத்து அழுதேன். அவருக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் அழுகை அது. வருத்தம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தோளில் கல் மாதிரி இருந்த ஓர் இறுக்கம் அன்றைக்குத்தான் விட்டது.

என் அனுபவம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையாகவே பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஹாவர்ட் மருத்துவப் பள்ளியின் ஹேர்பர்ட் பென்சன் 1970களில் தியானம் செய்கிறவர்களை அளந்து பார்த்து, அவர்களுடைய உடம்பு ஒட்சிசனைக் குறைவாகச் செலவழிக்கிறது, மூச்சும் துடிப்பும் இறங்குகின்றன என்று காட்டினார். 1979 இல் ஜோன் கபாட்-சின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மதச் சாயல் இல்லாமல் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தீராத வலியோடு வந்த நோயாளிகள்தான் அவருக்கு முதலில் கிடைத்தவர்கள். 2014 இல் 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. பதட்டம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானம் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை முன்னேற்றம் தருகிறது என்று அது சொன்னது. அதே ஆய்வு, மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

2022 இல் வந்த இன்னொன்றும் முக்கியம். பதட்ட நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, மற்றவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற வழக்கமான மருந்து. முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். ஆனால் அவர்கள் கிழமைக்கு ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போய், வீட்டிலும் தினமும் 45 நிமிடம் செய்தவர்கள். அம்மாவால் 45 நிமிடம் முடியாது. பத்து நிமிடத்துக்கு அதே பலன் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பத்து நிமிடத்துக்கு உரிய பலன் கிடைக்கும், அது ஒன்றுமே இல்லாததை விட எவ்வளவோ மேல்.

பிரஷரைப் பற்றி அமெரிக்க இதய சங்கம் 2017 இல் நிதானமாகச் சொன்னது: இதய நோய் ஆபத்தைக் குறைக்க வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். "கூடுதலாக" என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தியானத்தால் இறங்குகிற பிரஷர் சில புள்ளிகள்தான். உப்பைக் குறைத்தால் இன்னும் சில புள்ளிகள். கருவாடும் ஊறுகாயும் ரொட்டிக்கு உப்புச் சம்பலும் நம் சாப்பாட்டில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரையோடு இவையெல்லாம் சேரும்போதுதான் பாரிசவாதம் தள்ளிப் போகும்.

இனி, லயத்தில் எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

தனி அறை, பாய், ஊதுவத்தி, அமைதி என்று எதையும் தேடாதீர்கள். தேடினால் தொடங்கவே முடியாது. அம்மா விடிகாலை நாலரைக்கு எழும்புவார் என்று நினைக்கிறேன். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம். மூட்டிய பிறகு வேண்டாம், விறகுப் புகையில் ஆழமாக மூச்சு இழுப்பது கெடுதல். காம்பராவில் மற்றவர்கள் தூங்கட்டும், இஸ்தோப்பில் (திண்ணையில்) ஒரு பலகையில் உட்காரட்டும், போர்வையைச் சுற்றிக்கொள்ளட்டும். மலைக் குளிரில் மூக்கால்தான் மூச்சு விட வேண்டும், வாயால் இழுத்தால் இருமல் பிடிக்கும். சப்பணம் போடத் தேவையில்லை. முழங்கால் வலிக்கிறவர்கள் பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார்ந்தாலே நல்லது.

மனசுக்குள் நாலு எண்ணும்வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஒரு எண் ஒரு விநாடி. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அடக்கி வைக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர்களுக்கு மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். நாலும் ஆறும் கஷ்டமாக இருந்தால் மூன்றும் நாலும் போதும். தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறார் என்று அர்த்தம், விட்டுவிட்டு வழக்கமாக மூச்சு விடட்டும். முதல் கிழமை இதுதான், வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாம் கிழமையிலிருந்து மலையிலும் செய்யலாம். கொழுந்து பறிக்கும்போது கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசுதான் கடனுக்கும் மகனுக்கும் ஓடுகிறது. நிரையின் தொடக்கத்தில் பத்துப் பறிப்புக்கு மட்டும் விரல் நுனியில் கொழுந்து ஒடிகிற அந்தச் சின்ன உணர்வைக் கவனிக்கட்டும். பத்து முடிந்ததும் விட்டுவிடலாம். மனசு எங்கே போனாலும் திரும்பி வருவதற்கு உடம்பில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கு ஏறும்போது பாதம் படியில் படுவதைக் கவனித்து நடப்பதும் தியானம்தான், மடங்களில் துறவிகளும் அதைச் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கண்ணை மூடிக்கொண்டோ, சுற்றுமுற்றும் பார்க்காமலோ மலையில் எதுவும் செய்யக் கூடாது. சரிவும் பாம்பும் குளவியும் உண்மையானவை.

மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும்போது மூன்று நீண்ட வெளிமூச்சு. கடன்காரர் வரும் நாளில், கதவைத் திறப்பதற்கு முன்னால் மூன்று. இதனால் கடன் குறையாது. பதறாமல் பேச முடியும்.

இரவுக்கு வேறு முறை. படுத்தபடி, இடது காலின் பெருவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், கெண்டை என்று ஒவ்வோர் இடமாக மனசைக் கொண்டுபோக வேண்டும். அந்த இடம் சூடா, குளிரா, வலியா, மரத்துப்போயிருக்கிறதா என்று பார்த்தால் போதும், மாற்ற வேண்டாம். கூடை சுமந்த முதுகுக்கும் தலைக்கயிறு அழுத்திய நெற்றிக்கும் வரும்போது அங்கே கொஞ்ச நேரம் தங்கட்டும். தூக்கம் வர வேண்டும் என்று செய்தால் வராது. வராவிட்டாலும் உடம்பு ஓய்வெடுக்கிறது என்று நினைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, நான் வேலை செய்த காலத்தில் பெரிய மாற்றத்தை அதில்தான் பார்த்தேன். பௌத்தர்கள் மெத்தா என்கிறார்கள், நாம் நல்லெண்ணத் தியானம் என்று வைத்துக்கொள்ளலாம். "நான் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு நோயில்லாமல் இருக்க வேண்டும்" என்று மனசுக்குள் சொல்லி, பிறகு வீட்டாருக்கும் ஊராருக்கும் அதையே நினைப்பது. கிளினிக்குக்கு வந்த தோட்டத்துப் பெண்களிடம் இதைச் சொல்லச் சொன்னால், முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். பிள்ளைக்குச் சொல்வார்கள், புருஷனுக்குச் சொல்வார்கள், தோட்டத்துக்கே சொல்வார்கள். "நான் நல்லா இருக்கணும்" என்று தனக்குச் சொல்ல நாக்கு எழாது. ஒரு அக்கா, "அது சுயநலம் இல்லையா மிஸ்?" என்று கேட்டார். 18 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பேரப்பிள்ளை முகத்தை நினைத்து, "நீ நல்லா இருக்கணும் ராசா" என்று சொல்லச் சொல்வேன். நெஞ்சில் ஓர் இளக்கம் வரும். அந்த இளக்கம் இருக்கும்போதே, தன்னைச் சின்னப் பிள்ளையாக, இரண்டு ஜடை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் பார்க்கச் சொல்வேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியும். அங்கிருந்து இன்றைய அம்மாவுக்கு வர இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்கள் எடுக்கத் தொடங்கியதை இதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். தான் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியவருக்குத்தானே மாத்திரை ஞாபகம் வரும்.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா? இல்லை. 2020 இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தியானம் செய்தவர்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்குப் பதட்டம் கூடுவது, மனம் சோர்வது போன்ற பாதகமான அனுபவங்கள் ஏற்பட்டதாகக் கண்டார்கள். பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்கள் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்து நிற்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த மாதிரிச் சம்பவத்தில் ஆட்களை இழந்தவர்கள், அதற்குப் பிறகு மழைச் சத்தத்திலேயே விழித்துக் கிடக்கிறவர்கள், கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் பட, கையில் ஒரு கல்லையோ சீலைத் தலைப்பையோ பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்கிறவர்களையும், முன்பு அப்படி வருத்தம் வந்து தேறியவர்களையும் மனநல டொக்டரிடம் கேட்காமல் உட்கார வைக்கக் கூடாது. ஹிந்தகலையில் தம்ம கூட்ட நிலையத்தில் நடக்கிறது போன்ற பத்து நாள் மௌனப் பயிற்சி நல்லதுதான். ஆனால் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவர் முதல் அடியாக எடுத்து வைக்க வேண்டிய இடம் அது இல்லை.

அம்மா சாப்பாட்டில் விருப்பமில்லாமல் இருக்கிறாரா, பேரப்பிள்ளையைக் கண்டாலும் முகம் மலர்வதில்லையா, "நான் இருந்து என்ன" என்று பேசுகிறாரா என்று கவனியுங்கள். இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை கிடைக்கும். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால் மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்போம் என்று ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கடைசியாக என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளிக்கு மன அழுத்தம் என்றால் தியான வகுப்பு வைத்துக் கொடுத்துவிட்டு, அரைப்பேரையும் ஒழுகும் கூரையையும் அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை. அம்மாவின் யோசனையில் பாதி, யோசிக்கவே வேண்டிய விஷயங்கள். சம்பளத்துக்குக் குரல் கொடுப்பதும், கடனைப் பற்றிப் பக்கத்துப் பெண்களோடு வாய்விட்டுப் பேசுவதும், வீட்டு வேலையில் மகனும் மருமகனும் பங்கெடுப்பதும் பிரஷருக்கு மருந்துதான். அம்மா அந்த ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து முடித்ததும் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள் மகள். அதை அவர் கேட்க மாட்டார், நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, கிளினிக் இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். டிவிசனிலிருந்து நடந்து, பஸ்ஸில் நின்று, வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து அளந்தால் யாருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். பக்கத்தில் டிஸ்பென்சரியில் அளக்க முடிந்தால், வெற்றிலையோ சாயத் தண்ணியோ எடுத்திருந்தால் அரை மணி நேரமாவது விட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரே கையில் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை போதும். அதே கொப்பியில் அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை தடவை எழும்பினார் என்றும் எழுதுங்கள். எட்டுக் கிழமைக்குப் பிறகு அந்தக் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.